அத்தியாயம் 7: ஒரு ரெப்போ, பல பக்கேஜ்

2019 டிசம்பர் 1ஆம் திகதி பெறுமதி சேர் வரி (வற்) 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறங்கியது. 2022 ஜூனில் 12 ஆனது, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1இல் 18. இலங்கைக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதியவர்கள் இந்த நான்கு திகதிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிலிமத்தலாவையில் கொழும்பு–கண்டி வீதியோரப் பித்தளைக் கடைகளுக்கு ஒரு சிறு குழு மென்பொருள் செய்து கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் நான்கு பேர். காசாளர் மேசையில் ஓடும் பில் செயலி ஒன்று, முதலாளியின் கைபேசிச் செயலி ஒன்று, மாத முடிவில் கணக்காளருக்கு அறிக்கை தயாரிக்கும் சேவை ஒன்று. மூன்றும் கிட்ஹப்பில் மூன்று ரெப்போ. வற் கணக்கு மூன்றிலும் இருக்கிறது. வீதம் மாறுகிற ஒவ்வொரு முறையும் மூன்று இடத்தில் திருத்த வேண்டும், மூன்றையும் ஒரே நள்ளிரவில் வெளியிட வேண்டும். ஒன்று தவறினால் காசாளர் 18 வீதம் வாங்கியிருப்பார், முதலாளியின் திரை 15 வீதம் காட்டும். வாடிக்கையாளர் முன்னால் நடக்கும் அந்த வாக்குவாதத்துக்கு எந்தப் பிழைச்செய்தியும் வராது.

இந்தக் குழுவுக்கு யாரும் சொல்லும் முதல் யோசனை, வற் கணக்கைத் தனிப் பக்கேஜாக்கி என்பிஎம்மில் ஏற்றிவிடு என்பது. பாதித் தீர்வுதான் அது. பக்கேஜைத் திருத்தி, புதிய பதிப்பு எண் கொடுத்து, ஏற்றி, பிறகு மூன்று ரெப்போவிலும் அந்த எண்ணை உயர்த்தி, மூன்று லொக் கோப்பையும் புதுப்பித்து, மூன்று சோதனைகளையும் ஓட்ட வேண்டும். ஒரு வரி மாற்றத்துக்கு நான்கு கொமிட். முன்பு கணக்கு மூன்று பிரதியாக இருந்தது. இப்போது அதன் பதிப்பு எண் மூன்று பிரதியாக இருக்கிறது.

இந்த அத்தியாயம் சொல்லும் வழி வேறு. சேர்ந்து மாறுகிறவை ஒரே ரெப்போவில், ஒரே கொமிட்டில் மாறக்கூடியதாக இருக்கட்டும். அப்படி வைத்தால் ரெப்போ பெருக்கும், பில்ட் மெதுவாகும். அதைச் சமாளிப்பதுதான் மீதி வேலை.

பக்கத்தில் என்ன நடக்கிறது

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் துறை கிட்ஹப்பில் மாணவர் திட்டங்களைத் திறந்து வைத்திருக்கிறது. மாணவர் தொகுதியும் பாடமும் தெரியும்படி பெயர் சூட்டி, திட்டத்துக்கு ஒரு ரெப்போ. அங்கே அதுதான் சரி. ஒரு குழுவின் குறிமுறையை அடுத்த குழு பயன்படுத்துவதில்லை. பாடம் முடிந்தால் அந்த ரெப்போவும் முடிந்தது. அங்கே படித்துவிட்டு வேலைக்கு வருபவர்கள் இந்தப் பழக்கத்தைக் கூடவே கொண்டுவருகிறார்கள், புதிதாக எதைத் தொடங்கினாலும் முதலில் ஒரு புது ரெப்போ திறக்கிறார்கள். பழக்கத்தில் தவறில்லை. அது பிறந்த சூழல் வேறு, அவ்வளவுதான்.

2005இல் இலங்கையில் தொடங்கிய நிறுவனமான டபிள்யூஎஸ்ஓ2 தன் குறிமுறையைத் திறந்தே வைத்திருப்பதால் நமக்கு நல்ல பாடப்புத்தகம். அதன் கார்பன் தளம் முன்பு சப்வெர்ஷனில் ஒரே மரமாக இருந்தது: அடித்தளம் ஒரு கிளை, வெளியார் நூலகங்களைப் பொதி செய்து வைக்கும் ஓர்பிட் ஒரு கிளை, அதன்மேல் கூறுகள், அவற்றைக் கோத்துச் செய்த தயாரிப்புகள். கிட்ஹப்புக்கு வந்தபோது அது பல ரெப்போவாகப் பிரிந்தது. அடித்தளத்தில் ஒரு திருத்தம் செய்தால் அடித்தளத்தை வெளியிட்டு, கூறு ரெப்போவின் மேவன் கோப்பில் எண்ணை உயர்த்தி, கூறை வெளியிட்டு, தயாரிப்பில் எண்ணை உயர்த்த வேண்டும். அதே நிறுவனத்தில் பிறந்த பாலெரினா மொழியின் நூலகங்களும் நூலகத்துக்கு ஒரு ரெப்போவாகவே இருக்கின்றன. எது எதைச் சார்ந்தது என்று பார்த்து நூலகங்களை மட்டங்களாக அடுக்கி, கீழ்மட்டத்திலிருந்து வரிசையாக வெளியிடுகிறார்கள். சார்புகளின் பதிப்பு எண்ணை உயர்த்தும் கொமிட்டுகளை ஒரு தானியங்கி போடுகிறது. அழகான ஏற்பாடு. ஆனால் அந்தத் தானியங்கியை எழுதவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும். நான்கு பேர் குழுவில் அந்த ஆள் யார்?

அதே டபிள்யூஎஸ்ஓ2, அடையாளச் சேவையின் வலைமுகப்புகளை ஒரே ரெப்போவில் வைத்திருக்கிறது. நிர்வாகிக்கான கொன்சோல், பயனரின் 'என் கணக்கு' முதலான செயலிகள் மேலே. கீழே மொழிபெயர்ப்புச் சரங்கள், தோற்றம், சரிபார்ப்பு, பொதுக் கூறுகள் எனத் தனித்தனிப் பக்கேஜ்கள். தொடக்கத்தில் லெர்னா என்ற கருவி. பின்னர் பிஎன்பிஎம் என்ற பக்கேஜ் மேலாளருக்கும் என்எக்ஸ் என்ற பில்ட் கருவிக்கும் மாறினார்கள். மொழிபெயர்ப்புப் பக்கேஜுக்குள் சிங்களமும் தமிழும் கிடப்பதைப் பார்த்தால் நம் குழுவுக்கும் இதே வடிவம் பொருந்தும் என்பது புரியும். ஒரு பொத்தானின் பெயர் மாறினால் திரையும் மூன்று மொழிச் சரங்களும் ஒரே கொமிட்டில் மாறுகின்றன.

ஒரே நிறுவனம் இரண்டு வழியிலும் போகிறது. எனவே எது நவீனம் என்று கேட்க வேண்டாம். எவை சேர்ந்து மாறுகின்றன என்று கடந்த ஆறு மாதக் கொமிட் பட்டியலை எடுத்துப் பாருங்கள், விடை அதில் இருக்கும். கூகிளும் ஒரே ரெப்போதான் என்று சிலர் வாதிடுவார்கள். 2015 ஜனவரிக் கணக்குப்படி அந்த ரெப்போவில் ஏறக்குறைய ஒரு பில்லியன் கோப்புகள், 86 டெராபைட். அதைத் தாங்கக் கூகிள் தனக்கென்றே பைப்பர் என்ற களஞ்சிய அமைப்பைக் கட்டியது. அந்த உதாரணத்தால் நமக்கு எதுவும் நிரூபணமாவதில்லை.

ஒன்றாக வைக்கவே கூடாத இடமும் உண்டு. கிட்டில் கோப்புறைக்குக் கோப்புறை வாசிப்பு உரிமை கொடுக்க முடியாது. ரெப்போவைத் திறக்க முடிந்தவருக்கு எல்லாம் தெரியும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஒப்பந்த வேலை செய்கிற குழு இரண்டு வாடிக்கையாளரின் குறிமுறையை ஒரே ரெப்போவில் வைத்தால், ஒப்பந்தம் முடியும் நாளில் ஒருவருக்கு ஒப்படைக்கும் வரலாற்றில் மற்றவரின் இரகசியமும் போய்ச் சேரும்.

அடித்தளம் போடுதல்

மேலே இரண்டு கோப்புறை போதும்: ஓடக்கூடியவை ஒன்றில், பகிரப்படுபவை மற்றதில். நம் குழுவுக்கு முதலாவதில் பில் செயலி, கைபேசிச் செயலி, அறிக்கைச் சேவை. இரண்டாவதில் வரிக் கணக்கு, மொழிச் சரங்கள், அடையாள அட்டை இலக்கச் சரிபார்ப்பு. கடைசியானதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையும் பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையும் ஒரே நேரத்தில் புழங்கும் நாட்டில், அந்தச் சரிபார்ப்பை மூன்று பேர் எழுதினால் மூன்று விதமாகத்தான் வரும்.

வரிப் பக்கேஜை வெறும் 18 என்ற எண்ணாக எழுத வேண்டாம். எந்தத் திகதியிலிருந்து எந்த வீதம் என்ற அட்டவணையாக எழுதுங்கள். பில் திகதியைக் கொடுத்தால் அந்நாளின் வீதம் வர வேண்டும். 2023இல் விற்ற குத்துவிளக்கை இன்று திருப்பிக் கொடுத்தால் கணக்கு 15 வீதத்தில்தான் போக வேண்டும். இப்படி எழுதினால் அடுத்த வரி மாற்றத்தை வாரங்களுக்கு முன்பே கொமிட் செய்து வெளியிட்டுவிடலாம். நள்ளிரவு வேலை இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் குழுவாக இருந்தால் பிஎன்பிஎம்முடன் தொடங்குங்கள். ரெப்போவின் வேரில் ஓர் ஒர்க்ஸ்பேஸ் கோப்பு வைத்து, எந்தக் கோப்புறைகளில் பக்கேஜ் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும். உள்பக்கேஜைச் சார்பாகக் குறிக்கும்போது பதிப்பு எண்ணுக்குப் பதில் ஒர்க்ஸ்பேஸ் என்ற குறி இடுங்கள். அப்போது அது இணையத்தில் தேடாமல் பக்கத்துக் கோப்புறையையே இணைக்கும். இந்தக் குறி இல்லாவிட்டால், அதே பெயரில் வெளியே யாரோ ஏற்றிய பக்கேஜ் உள்ளே வந்துவிடும் ஆபத்து உண்டு.

பிஎன்பிஎம்மைச் சொல்வதற்கு இரண்டு காரணம். முதலாவது இடமும் டேட்டாவும். ஒரு பக்கேஜின் ஒரு பதிப்பைக் கணினியில் ஒரே தடவை இறக்கி வைத்து, தேவைப்படும் இடமெல்லாம் அதற்கு இணைப்பு மட்டும் போடுகிறது. மூன்று செயலிக்கு மூன்று பிரதி இறங்காது. லொக் கோப்பு மட்டும் கையில் இருந்தால், இணையம் இருக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, பிறகு இணையமே இல்லாமல் நிறுவவும் வழி உண்டு. இரண்டாவது காரணம் கண்டிப்பு. ஒரு பக்கேஜ் தன் சார்புப் பட்டியலில் எழுதாத ஒன்றை எடுத்தாள முயன்றால் அங்கேயே பிழை வரும். இந்தக் கண்டிப்பு முதல் வாரத்தில் எரிச்சலூட்டும். ஆனால் கருவிகள் சார்பு வரைபடத்தை இந்தப் பட்டியல்களிலிருந்துதான் கட்டுகின்றன. பட்டியல் பொய் சொன்னால் பின்னால் வரும் அத்தனையும் பொய்யாகும்.

வெளியார் நூலகங்களுக்கு ஒரே பதிப்பு என்ற விதியை முதல் நாளிலேயே போடுங்கள். ரியாக்ட் இரண்டு பிரதி உள்ளே வந்துவிட்டால், ஹூக்கைத் தவறாக அழைத்தீர்கள் என்ற பிழை வரும். அந்தச் செய்தியை நம்பி உங்கள் குறிமுறையில் தேடினால் நாள் முழுக்கப் போகும், தவறு அங்கே இருக்காது. பிஎன்பிஎம் 9.5 பதிப்பிலிருந்து கற்றலொக் என்ற வசதி உண்டு. பதிப்பு எண்களை வேரில் ஓரிடத்தில் எழுதி, பக்கேஜ்கள் அதைச் சுட்டினால் போதும். 2021 டிசம்பரில் ஜாவாவின் லொக்4ஜே நூலகத்தில் ஓட்டை வெளியானபோது, எந்த ரெப்போவில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று தேடுவதிலேயே பலருக்கு நாட்கள் போயின. எண் ஓரிடத்தில் இருந்தால் தேடல் ஒரு நிமிடம்.

எத்தனை பக்கேஜாகப் பிரிப்பது? இரண்டாவது பயனாளி வரும்வரை பிரிக்காதீர்கள். பில் செயலிக்கு மட்டும் தேவைப்படும் அச்சுப்பொறிக் குறிமுறை பில் செயலிக்குள்ளேயே இருக்கட்டும். இன்னொன்று, 'பொது' என்று ஒரு பக்கேஜ் திறக்காதீர்கள். திறந்தால் திகதி வடிவமும் நிறங்களும் வரிக் கணக்கும் அதற்குள் வந்து குவியும், எல்லாச் செயலியும் அதைச் சாரும். ரயில் பாதையை நினைத்துப் பாருங்கள்: கொழும்பிலிருந்து வரும் பாதை பலானை, கடுகண்ணாவை, பிலிமத்தலாவை கடந்து பேராதனைச் சந்தியில்தான் கண்டி–மாத்தளைக்கும் பதுளைக்கும் எனப் பிரிகிறது. மாத்தளைப் பக்கம் மண் சரிந்தால் பதுளை ரயிலுக்கு ஒன்றுமில்லை. கடுகண்ணாவையில் சரிந்தால் கண்டிக்கும் ரயில் இல்லை, பதுளைக்கும் ரயில் இல்லை. 'பொது' பக்கேஜ் கடுகண்ணாவையில் இருக்கிறது. அங்கே ஒரு நிறத்தை மாற்றினால் அறிக்கைச் சேவையையும் மீண்டும் பில்ட் செய்ய வேண்டிவரும், அந்தச் சேவைக்குத் திரையே இல்லாவிட்டாலும். ஆகவே அடியில் இருப்பவை சிறியவையாக, அரிதாக மாறுபவையாக இருக்க வேண்டும்.

சார்பு ஒரு திசையில் மட்டும் ஓடட்டும். செயலி பக்கேஜைச் சாரலாம், பக்கேஜ் செயலியைச் சாரக் கூடாது. இரண்டு பக்கேஜ் ஒன்றையொன்று சார்ந்தால் அவை இரண்டல்ல, ஒன்றாக்கிவிடுங்கள்.

மாறியதை மட்டும் பில்ட் செய்தல்

தொடக்கத்தில் எந்தச் சிறப்புக் கருவியும் வேண்டாம். பிஎன்பிஎம்மே சார்பு வரிசைப்படி பக்கேஜ்களை பில்ட் செய்யும். கடந்த கொமிட்டிலிருந்து மாறியவற்றையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டும் தேர்ந்தெடுக்கும் வடிகட்டியும் அதில் உண்டு. முழு பில்ட் ஐந்து நிமிடத்தைத் தாண்டி, காத்திருக்கும் நேரத்தில் ஆட்கள் கைபேசியை எடுக்கத் தொடங்கிய பிறகு டர்போரெப்போ அல்லது என்எக்ஸ் சேருங்கள். இரண்டில் டர்போரெப்போ கற்க எளிது; எல்லைகளைக் கட்டாயப்படுத்தும் விதிகளும் வரைபடத்தைப் படமாகப் பார்க்கும் வசதியும் என்எக்ஸில் கூடுதல். ஜாவா குழுவுக்குக் கிரேடில் போதும். பேஸல் வலுவான கருவி, ஆனால் அதற்கென்றே ஒருவரை ஒதுக்க முடியாத குழு அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

இவை எல்லாம் செய்வது ஒன்றே. ஒரு பக்கேஜின் மூலக் கோப்புகள், அது சார்ந்தவை, லொக் கோப்பின் தொடர்புடைய பகுதி, அமைப்புக் கோப்புகள் ஆகியவற்றிலிருந்து ஒரு கைரேகை எடுக்கின்றன. அதே கைரேகையுடன் முன்பு பில்ட் நடந்திருந்தால் பழைய விளைவைக் கேஷிலிருந்து எடுத்து வைத்துவிடும், மீண்டும் ஓடாது.

பொறி இங்கேதான் இருக்கிறது. கைரேகைக்குள் வராத ஏதாவது விளைவை மாற்றுமானால் கேஷ் தவறான விடை தரும். வழக்கமான குற்றவாளி சூழல் மாறி. வலைச் செயலியை பில்ட் செய்யும்போது சேவையகத்தின் முகவரி உள்ளே பதிந்துவிடுகிறது. அந்த மாறியைக் கருவியிடம் உள்ளீடாக அறிவிக்காவிட்டால், காலையில் சோதனை முகவரியுடன் செய்த பில்ட், மாலையில் வெளியீட்டுக்கும் கேஷிலிருந்து வரும். கடைக்காரர்களின் பில்கள் சோதனைத் தரவுத்தளத்தில் போய் விழும். புதிய சூழல் மாறி ஒன்றைச் சேர்க்கும் எந்தப் புல் ரிக்வெஸ்ட்டிலும் மதிப்பாய்வாளர் பார்க்க வேண்டிய முதல் இடம் உள்ளீட்டுப் பட்டியல்.

இரண்டாவது பொறி கிட்ஹப் ஆக்ஷன்ஸில். அங்கே ரெப்போவை எடுக்கும் வழக்கமான படி கடைசிக் கொமிட்டை மட்டும் எடுக்கும். மாறியவை எவை என்று கணக்கிடப் பழைய கொமிட் தேவை. அது இல்லாததால் கருவி பிழை காட்டும், அல்லது எல்லாம் மாறியதாக எடுத்துக்கொண்டு முழுவதையும் பில்ட் செய்யும். எடுக்கும் ஆழத்தைப் பூச்சியம் என்று வைத்தால் முழு வரலாறும் வரும்.

மூன்றாவது, லொக் கோப்பு. அதைத் தொட்டால் கணிசமான பகுதி மீண்டும் பில்ட் ஆகும். எனவே நூலகப் பதிப்பு உயர்த்தலையும் புதிய வசதியையும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் கலக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் பதிப்பு உயர்த்தலுக்கு ஒதுக்கினால் மற்ற நாட்களில் பில்ட் இலேசாக ஓடும்.

இந்தச் சிக்கனத்துக்கு நம் ஊரில் பணக்கணக்கும் உண்டு. கிட்ஹப்பின் இலவசத் திட்டத்தில் தனியார் ரெப்போக்களுக்கு மாதம் 2000 நிமிடம். அதற்கு மேல் டொலர். 2022இல் ரூபாய் விழுந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு டொலரில் வரும் மாதக் கட்டணத்தின் அருமை தெரியும். புல் ரிக்வெஸ்ட்டுக்குப் புதிய கொமிட் வந்தால் பழைய ஓட்டத்தை நிறுத்தும் அமைப்பு ஒன்று உண்டு; சில வரிதான், போட்டுவிடுங்கள். ஆவணக் கோப்பு மட்டும் மாறினால் பில்ட் வேண்டாம் என்றும் சொல்லிவைக்கலாம்.

கேஷை எல்லோரும் பகிரும் இடத்தில் வைத்தால் ஒரு தடவை நடந்த பில்ட் எல்லோருக்கும் உதவும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஏற்கெனவே நடந்த பில்டை, மின்சாரம் வந்த சில மணிநேரத்தில் ஒருவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடிவது அப்படிப்பட்ட காலத்தில் எவ்வளவு உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எழுதும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். பிரதான கிளையின் தானியங்கி பில்ட் மட்டும் எழுதட்டும், ஆட்களின் கணினிகள் வாசிக்கட்டும். கேஷில் யாராவது கெட்ட விளைவை வைத்தால் அது சோதனையின்றி வெளியீட்டுக்குப் போகும்.

கருவிகளையும் கண்மூடி நம்ப முடியாது. 2025 ஆகஸ்டில் என்எக்ஸின் சில பதிப்புகளே என்பிஎம்மில் தீய குறிமுறையுடன் ஏற்றப்பட்டன. நிறுவியவுடன் ஓடும் ஸ்கிரிப்ட் வழியாக அது கணினியில் கிடந்த இரகசியச் சாவிகளைத் திருடியது. லொக் கோப்பைக் கொமிட் செய்து, தானியங்கி பில்டில் அதை மாற்றாமல் நிறுவும் வழியையே பயன்படுத்துங்கள். பிஎன்பிஎம் 10ஆம் பதிப்பு, சார்புகளின் நிறுவல் ஸ்கிரிப்டுகளை நீங்கள் பெயர் சொல்லி அனுமதித்தாலன்றி ஓட்டாது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் இதற்காகவே உயர்த்தலாம்.

ரெப்போ பெருத்த பிறகு

புதிதாகச் சேர்பவர் முழு ரெப்போவையும் இறக்க வேண்டியதில்லை. பழைய கோப்பு உள்ளடக்கங்களை விட்டுவிட்டு, தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் பகுதிப் பிரதி வசதி கிட்டில் உண்டு. 2020 ஜனவரியில் வந்த 2.25 பதிப்பிலிருந்து, வேண்டிய கோப்புறைகளை மட்டும் விரித்து வைக்கும் கட்டளையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் கைபேசி டேட்டாவில் வேலை செய்பவரும் சமாளிக்கலாம். 8 ஜிபி நினைவகக் கணினியில் ஒரே நேரத்தில் ஓடும் பணிகளை இரண்டு அல்லது மூன்றாகக் குறைத்து வையுங்கள். எல்லா மையங்களையும் பயன்படுத்த விட்டால் கணினி நினைவகத்தில் உள்ளதை வட்டுக்கு மாற்றத் தொடங்கி, வேகத்துக்காகப் போட்டதே தாமதமாகும்.

உள்பக்கேஜ்களுக்குப் பதிப்பு எண் வேண்டுமா? வெளியே ஏற்றாதவரை வேண்டாம். கொமிட்தான் பதிப்பு. வெளியாருக்கும் வெளியிடும் நாள் வந்தால் சேஞ்ச்செட்ஸ் என்ற கருவி இருக்கிறது. மேலே சொன்ன டபிள்யூஎஸ்ஓ2 ரெப்போவும் அதைத்தான் பயன்படுத்துகிறது. மாற்றம் செய்பவரே அது பெரிதா சிறிதா என்று ஒரு சிறு கோப்பில் எழுதுவார், வெளியீட்டின்போது எண்கள் தாமாக உயரும்.

பழைய மூன்று ரெப்போவை ஒன்றாக்கும்போது வரலாற்றை எறிந்துவிடாதீர்கள். ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதற்கு ஒரே சாட்சி அந்தக் கொமிட் செய்திதான். ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி, பழைய ரெப்போவின் எல்லாக் கோப்பும் தொடக்கத்திலிருந்தே ஓர் உட்கோப்புறையில் இருந்ததுபோல் வரலாற்றை மாற்றி எழுதும். பழைய ரெப்போவின் புதிய பிரதியில் அதைச் செய்து, பிறகு தொடர்பற்ற வரலாறுகளை இணைக்கும் அனுமதியுடன் புதியதில் சேருங்கள். அதிகம் சாரப்படும் பகுதியைக் கொண்ட ரெப்போ முதலில், கைபேசிச் செயலி கடைசியில். ஏனென்றால் கைபேசிச் செயலியின் பில்ட் கருவிகள் கோப்புறை இடமாற்றத்துக்கு மிக அதிகமாக முரண்டு பிடிப்பவை. ஒவ்வொன்றும் சேர்ந்தபின் ஒரு வெளியீடாவது புதிய இடத்திலிருந்து செய்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

சேர்த்து முடித்ததும் பழைய ரெப்போக்களின் முகப்புக் குறிப்பில் புதிய முகவரியை எழுதிவிட்டு, அவற்றைக் கிட்ஹப்பில் ஆவணநிலைக்கு மாற்றிவிடுங்கள். அழிக்க வேண்டாம்: பழைய பிழை அறிக்கைகளும் விவாதங்களும் கொமிட்டோடு வருவதில்லை, அவை அங்கேதான் இருக்கும்.